தில்லைப் பால்

ஓகஸ்ட் 12, செவ்வாய்
கச்சான் காற்று, காலையிலேயே புழுக்கம். நாளை கனடாக் கல்லூரிப் பிள்ளைகள் ஆறு பேருக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். உயிரியல் படிக்கிறவர்கள். திருக்கோவில் பக்கக் களப்பில், உப்புத் தண்ணீரில் நிற்கும் கண்ணாக் காட்டைப் பார்க்க வேண்டுமாம்.

எடுக்க: தொப்பி, தண்ணீர் இரண்டு போத்தல், பழைய செருப்பு. புதிய அபாயா வேண்டாம், சேறு.

கம்பஸில் இங்கிலிஷ் நன்றாகக் கதைப்பவள் என்று என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். உம்மா ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லியாயிற்று. எனக்கும் பெருமைதான்.

ஓகஸ்ட் 13, புதன்
நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

தோணிக்காரர் ஹனீபா சாச்சா, கல்முனைக்குடி. தோணியை மெதுவாக்கி ஒரு மரத்தைக் காட்டினார். "இது தில்லை, மகள். கொப்ப உடச்சாப் பால் வரும். கண்ணுல பட்டாக் கண் போயிரும். தொட வேணாம் எண்டு சொல்லுங்க."

நான் அப்போது செல்ஃபியில். பால் வரும் என்பது வரைதான் காதில் ஏறியது, மிச்சம் சாச்சா பிறகு திருப்பிச் சொன்னது. திருப்பிக் கேட்க வெட்கம், பெரிய இங்கிலிஷ்காரி அல்லவா. இந்த மரம் பால் கறக்குமாம் என்றேன், மாட்டுப்பாலுக்குச் சொல்லும் அதே 'மில்க்'. எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

ஹானா என்ற பிள்ளை கொப்பை உடைத்தாள். அதே கையால் வியர்வையைத் துடைத்தாள். பிறகு அலறல்.

குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் சாச்சா அவள் கண்ணில் ஊற்றினார். ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக் கட்டியிருக்கிறார்கள். பார்வை பற்றி நாளைதான் சொல்வார்களாம்.

தில்லையின் லத்தீன் பெயரைத் தாவரவியல் சோதனையில் எழுதி முழுப் புள்ளி எடுத்தவள் நான். குருடாக்குவது என்பதுதான் அதன் அர்த்தமே. மரம் முன்னால் நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதத்தான் வேண்டும். தோணிக்காரர் எச்சரிக்கவில்லையா என்று அவர்களோடு வந்த டீச்சர் கேட்டார். இல்லை என்றேன். சாச்சா பக்கத்தில்தான் நின்றார், இங்கிலிஷ் விளங்காது. அவருக்காகக் கதைக்கிறேன் என்று நினைத்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஓகஸ்ட் 14, வியாழன்
ஹானாவின் பார்வைக்கு ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ். வீக்கம் மட்டும்.

வேறு தோணி பிடித்துவிட்டார்கள். சாச்சா இனி வர வேண்டாமாம். அதை அவரிடம் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. சொன்னேன். சாச்சா தோணிக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். "நான் வெளங்கச் சொல்லல்ல போல" என்றார்.

இல்லை சாச்சா என்று சொல்ல வாய் வரவில்லை. சீ, நானும் ஒரு மனுசி.

சோறு இறங்கவில்லை. கண்ணூறு பட்டிருக்கிறது என்று உம்மா தண்ணீர் ஓதித் தந்தார். குடித்தேன்.

ஓகஸ்ட் 15, வெள்ளி
ஜும்ஆ முடிந்த கையோடு சாச்சா ஆஸ்பத்திரிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு செவ்விளநீர். நானும் அங்கே இருந்தேன். ஹானாவின் ஒரு கண் இன்னும் சிவப்பு.

"என்ட பிழதான், மாப் பண்ணிக்கங்க எண்டு அந்தப் புள்ளக்கிட்டச் சொல்லுங்க மகள்."

தோணியில் ஏறியதிலிருந்து எதை மொழிபெயர்த்தாலும் 'அவர் சொல்கிறார்' என்றுதான் தொடங்குவேன். இன்று அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். என் பிழைதான், மன்னித்துக்கொள் என்று மட்டும் இங்கிலிஷில் சொன்னேன்.

ஹானா என்னைப் பார்க்கவில்லை. சாச்சாவைப் பார்த்துச் சிரித்து, பரவாயில்லை என்று கை நீட்டினாள். அவர் தன் நெஞ்சில் கையை வைத்துக் குனிந்தார்.

வெளியே வந்ததும் கேட்டார். "சரியாச் சொல்லிட்டீங்களா மகள்?"

ஓம் என்றேன்.