பால் ஒத்துக்கொள்ளாத நாட்கள்

என் அருமை அக்கா,

பேதி என்ற சொல்லை அச்சில் எழுத எனக்கே கூசுகிறது. வலியசாலை வீட்டில் நீ அதை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. "வயறு சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வாய். அப்படிப்பட்ட உனக்கா அது வர வேண்டும்?

நரம்பு நோயில் கைகால் விழுந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாய். மூக்கு வழியே வயிற்றுக்கு ஒரு குழாய். அதில் விடும் ஆகாரத்தை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார்கள். உன் ஆத்துக்காரர் தானே அடுப்பு மூட்டிப் பாலைச் சுண்டக் காய்ச்சினார். விட்ட சிறிது நேரத்தில் உனக்கு வயிற்றால் போகும். இளைத்துப் போகிறாளே என்று அத்திம்பேர் இன்னும் சுண்டக் காய்ச்சி, இன்னும் சர்க்கரை போட்டார்.

உனக்குப் பேச்சில்லை, கண் இருந்தது. அவர் தலை தெரிந்தாலே உன் பார்வை என்னிடம் ஓடிவரும். இந்தக் கோலத்தில் அவர் பார்க்க வேண்டாம். நான் போய் வாசலை மறிப்பேன். "உள்ளே டாக்டர் இருக்கார், அப்புறம் வாங்கோ அத்திம்பேர்." பெரிய காவல்காரி நான்.

கடைசியில் மலையாளி டாக்டர் கேட்டார்: "இத்தறை கட்டியா பால் ஆரு கொடுத்தது? குடல் தாங்கில்ல."

அத்திம்பேர் தலைகுனிந்து, "நான்தான்" என்றார். கஞ்சித்தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் பேதி நின்றது. பிறகு நெஞ்சில் சளி கட்டித்தான் நீ போனாய், பாலால் அல்ல. சொன்னால் அவர் கேட்பதில்லை. இன்றும் அவர் காபியில் பால் கிடையாது.

நீ போன அன்று நாகர்கோவில்கார நர்ஸ் என்னிடம் சொன்னாள்: "காலம்பற ஆயா வராட்டி சார்தான் தொடச்சு, துணி மாத்துவாரு. 'அவ தூங்கறா, எழுப்பப்படாது'ம்பாரு. அக்கா முழிச்சுதான் கெடப்பாவ. சாரைக் கண்டா கண்ண மூடிக்கிடுவாவ."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை எனக்கு. என் பொய்யைக் கேட்டுத் திரும்பிப் போவாரே, அப்போது என்ன நினைத்திருப்பார்?

இப்போது கழக்கூட்டத்தில் உன் பிள்ளையோடு இருக்கிறார். கண் மங்கிவிட்டது. ஞாயிறுதோறும் நான்தான் பத்திரிகை வாசித்துக் காட்டுகிறேன். போன வாரம் திடீரென்று கேட்டார்: "அவளுக்கு ஒண்ணும் தெரியாதே? தெரிஞ்சிருந்தா வெக்கத்துலயே போயிருப்பா, கேட்டியா."

"தெரியாது அத்திம்பேர்" என்றேன்.

யாரிடமாவது சொல்லாமல் எனக்குத் தாங்கவில்லை. இது அந்தப் பத்திரிகையில் அச்சாகி வரும் ஞாயிற்றுக்கிழமையும் போவேன், அக்கா. எல்லாம் வாசிப்பேன். இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டிவிடுவேன்.

இன்னும் உன் வாசலில் நிற்கும்,
தங்கை