நாலு நாற்றுக்கு ஒரு குழாய்

1983 பிப்ரவரி 14, திங்கள்

பன்னிரண்டு கத்திரிச் செடியும் தலை தொங்கிக் கிடக்கின்றன. மல்லிகைக் கொடியைத் தொட்டால் இலை நொறுங்குகிறது. மூன்றே நாள். மூன்று நாளும் வீட்டில் ஒரு ஆம்பளை இருந்தார். தொட்டியில் தண்ணீர் இருந்தது, வாளி இருந்தது. ஒரு செம்பு ஊற்ற ஆள் இல்லை.

கேட்டால், "அது பொம்பளைச் சோலிடி" என்கிறார். சரி, பொம்பளை வீட்டுக்குத் தூரமாக இருந்தால்? "அப்பச் செடி பக்கம் போகக் கூடாது. கருகிப் போகும்." நான் போகவில்லை. கருகித்தானே கிடக்கு? இப்ப யாரு தீட்டு பட்டுச்சாம்?

அதே மூன்று நாளும் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்டேன், கட்டுப் பிரித்தேன், ஒரு பிரசவத்துக்குக் கூடவே நின்றேன். அங்கே இந்தக் கைக்குத் தீட்டு இல்லை. கொல்லையில் கால் வைத்தால்தான் உலகம் எரிந்துவிடும்.

இந்த டைரி டாக்டர் கொடுத்தது. மருந்துக் கம்பெனிக்காரர் கொண்டுவந்த பத்தில் ஒன்று. ஒவ்வொரு பக்கத்து அடியிலும் இருமல் மருந்து விளம்பரம். புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள். எழுதக் கூடாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கோபம் வருகிற அன்றைக்கு எழுதப்போகிறேன்.

ஜக்கையன். ஜக்கையன். ஜக்கையன்.

பிப்ரவரி 16

இவர் மலைக்கு, ஏலக்காட்டுக்குப் போய்விட்டார். வீடு அமைதி.

பிப்ரவரி 22

வார்டில் ஒரு காய்ச்சல்காரருக்குக் குளுக்கோஸ் ஏற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சொட்டு, சொட்டு, சொட்டு. நான் எழுந்து போனாலும் அது பாட்டுக்கு இறங்குகிறது. குழாயில் இருக்கிற சின்னச் சக்கரத்தைத் திருகினால் கூடுகிறது, குறைகிறது. அந்த ஆளின் கையைப் பார்த்துக்கொண்டே என் கத்திரிச் செடியை நினைத்தேன்.

குப்பைக்குப் போக இருந்த நாலு குழாயைக் கேட்டு வாங்கி வந்தேன். அடுப்பில் வெந்நீர் கொதிக்கவிட்டுப் போட்டு எடுத்தேன். பழைய பானையின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டால் பானை விரிசல் விட்டது. இரண்டாவது பானையும் விரிசல். கடைசியில் எண்ணெய் டின். ஓட்டையில் குழாயைச் செருகிச் சுற்றிலும் மெழுகை உருக்கி ஊற்றினேன். நின்றது! புதுக் கன்று நாலுக்கு வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 25

சொட்டு நின்றுபோச்சு. தூசி அடைத்திருக்கிறது. டின்னுக்குள்ளே, குழாய் தொடங்குகிற இடத்தில், புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியை இரண்டு மடிப்பாக வைத்துக் கட்டினேன். இப்போது ஓடுகிறது. இதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆச்சு, மண்டு.

மார்ச் 6, ஞாயிறு

ஜீப்பில் மலைக்குப் போனேன். அப்பா எனக்குக் கொடுத்த காடு, இரண்டு ஏக்கர். போன வருஷம் மழையில்லாத காய்ச்சலில் பாதி ஏலச்செடி செத்தது. திரும்ப நட நாற்றங்காலில் அறுநூறு நாற்று வைத்திருக்கிறார் இவர். அதுவும் வாடுகிறது. ஓடை கயிறு மாதிரி இளைத்துவிட்டது. கூலிக்கு வருகிற அன்னக்கொடியும் இன்னொருத்தியும் பள்ளத்திலிருந்து குடம் குடமாகத் தூக்குகிறார்கள். அவர்களில் ஒருத்தி தூரமானால் அந்த மூன்று நாளும் நாற்றங்காலுக்குள் விடமாட்டார். வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. நாற்றுக்குத் தண்ணீரும் கிடையாது.

கத்திரிக்குச் செய்ததைச் சொன்னேன். மேட்டில் கல் அடுக்கி டின் வைத்தால் சரிவிலே தானாக இறங்கும், நாலு நாற்றுக்கு நடுவிலே ஒரு குழாய் போதும் என்றேன். முழுசாகக் கேட்கவே இல்லை.

"ஆசுபத்திரிக் குழாயா? சீக்காளி ஒடம்புல குத்துனதை ஏலத்துக்கு வைக்கவா? கருப்பு சாமி இருக்குற காடு இது. ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"அப்ப நாத்து சாகட்டுமா மாமா?"

"செத்தா மேக்காலத் தோட்டக்காரர் கேக்குறாரு, வித்துட்டுப் போவோம்."

விற்பாராம்! யார் காட்டை யார் விற்பது? ஜீப்பில் மலை இறங்கும்போது பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. இந்த மழைக்கு நடாவிட்டால் காடு போய்விடும். அது மட்டும் தெரிகிறது.

மார்ச் 14

எனக்குத் தேதி தவறாது. அதற்கு முந்தின சாயங்காலமே டின்னை நிரப்பி, சக்கரத்தைத் திருகி வைத்துவிட்டேன். மூன்று நாள் கொல்லைப் பக்கமே போகவில்லை. இன்று போய்ப் பார்த்தால் நாலு கன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. ஒன்றில் ஊதாப் பூ. தனியாக நின்று சிரித்தேன்.

மார்ச் 19

கட்டிலுக்கு அடியில் பெட்டியில் வைத்திருந்த குழாய் எல்லாம் காணோம். நாற்றுக்கு ஆகுமே என்று ஒரு மாதமாகத் தினமும் வார்டில் சேர்த்தது, எல்லாம் கொதிக்க வைத்தது, நூற்று நாற்பது. கொல்லையில் கன்றுக்கு வைத்திருந்த நாலையும் பிடுங்கியிருக்கிறது. டின் கவிழ்ந்து கிடக்கிறது.

நான் டூட்டியில் இருந்தபோது வந்து எடுத்துக்கொண்டு ஜீப் ஏறிவிட்டாராம். கேட்டால் நான் கொடுக்கமாட்டேனா? கேட்டால் வாய் தேஞ்சா போயிரும்? சீக்காளிக் குழாய், சீக்காளிக் குழாய்னு குதிச்ச ஆளு! கருப்பு இப்ப ஒண்ணும் சொல்லலியா?

ஜக்கையன் ஜக்கையன் ஜக்கையன் ஜக்கையன்.

மார்ச் 28

அன்னக்கொடி பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவள் சொல்லித்தான் தெரியும். நாற்றங்கால் முழுக்கச் சொட்டு இறங்குகிறதாம். அக்கம்பக்கத் தோட்டத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம்.

"குழாய் மதுரையில சொல்லிச் செஞ்சதுன்னு அண்ணன் சொல்றாக அக்கா. அவுக மூளையாம்."

"அடைக்கலியா?"

"அடைக்குது. வாயில வச்சு உறிஞ்சி உறிஞ்சி எடுக்குறாக."

காஸ் துணி கட்ட வேண்டும் என்று தெரியாது. தெரிந்த ஆளைக் கேட்கவும் மாட்டார். உறிஞ்சட்டும்.

ஏப்ரல் 3, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

நாற்றங்கால் பார்க்க ஆபீசர் ஒருவர் வருகிறார், வந்து காபி போட்டுக் கொடு என்று இவர் ஆள் அனுப்பியிருந்தார். போனேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இவர் ஆபீசருக்கு விளக்குகிறார். "நானா யோசிச்சேன் சார். சரிவு இருக்குல்ல, தண்ணி தானா எறங்கும். நாலு நாத்துக்கு ஒரு குழாய்." நான் சொன்ன வார்த்தை, ஒன்று விடாமல். நான் அங்கே நிற்கிறது தெரிந்தும்.

அடைத்தால் என்ன செய்வீர்கள் என்று ஆபீசர் கேட்டார். இவர் ஒரு குழாயைப் பிடுங்கி வாயில் வைத்தார். அப்போது சொன்னேன், சத்தமாகவே சொன்னேன்:

"அது மஞ்சக்காமாலைக்காரனுக்குப் போட்ட குழாய், மாமா."

துப்பினார், துப்பினார், ஓடையில் போய் வாய் கொப்பளித்தார். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆபீசருக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அடைப்புக்கு என்ன வழி என்று என்னிடம் கேட்டார். டின்னைக் கவிழ்த்துக் காஸ் துணி எங்கே கட்ட வேண்டும் என்று காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். எட்டிப் பார்த்தேன். "ஜக்கையன் மனைவி" என்று எழுதியிருந்தது.

"எனக்குப் பேர் இருக்கு சார். பொன்னுமணி."

அடித்துவிட்டு எழுதினார்.

ஆனால் எல்லாக் குழாயையும் கொதிக்க வைத்ததை நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

ஏப்ரல் 7

ஜீப்புக்காரர் காசிராஜன் வந்து சொன்னார். இவரைக் காட்டில் எல்லோரும் காமாலை என்று கூப்பிடுகிறார்களாம். அந்த ஆத்திரத்தில் குழாய் எல்லாவற்றையும் பிடுங்கி ஓடைப் பள்ளத்தில் எறிந்துவிட்டாராம். நேற்றுக் காலையில்.

ஒன்றரை நாள். இந்த வெயிலில்.

அடப்பாவி மனுசா! என் மேல கோபம்னா என்னை அடிக்க வேண்டியதுதானே, நாத்து என்ன பண்ணுச்சு? நானும்தான் பாவி. வெந்நீரில் போட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?

நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். நாளைக்கு எனக்கு முதல் நாள். தெரியும். போகிறேன்.

ஏப்ரல் 9

நேற்று எழுத முடியவில்லை. உடம்பெல்லாம் முள் கிழித்த கோடு.

காட்டில் இவர் ஒருத்தர்தான் குடம் தூக்கிக்கொண்டிருந்தார். இன்னொருத்தி சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டாள். அன்னக்கொடி அவள் குடிசை வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்கவே வேண்டாம். நாற்றெல்லாம் இலை சுருண்டு கிடந்தது.

"வாடி, பள்ளத்துக்குப் போவோம்."

"அக்கா, நானும் தூரம், நீங்களும் தூரம்ங்கிறீக. நாத்து பட்டுப்போச்சுன்னா நம்ம தலையிலதான் விடியும்."

"நம்ம தலையில விடியாம எப்ப இருந்துச்சு? எந்திரி."

முள்ளுக்குள்ளும் பாறை இடுக்கிலும் பொறுக்கினோம். நூற்றுப் பதினேழு கிடைத்தது. மிச்சம் போனது போனதுதான். கொண்டுவந்தபோது நாற்றங்கால் படலுக்கு முன்னால் இவர் குறுக்கே நின்றார்.

"உள்ள போகாத. சொல்லிட்டேன்."

"தொலையட்டும்னு எறிஞ்சீகள்ல? தொலைஞ்ச நாத்துக்கு என்ன தீட்டு? எங்கப்பன் குடுத்த காடு இது. சாகுறதுன்னா என் கையால சாகட்டும். தள்ளுங்க."

அவர் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னேன். பதினோரு வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை. குடம் தூக்கித் தூக்கித் தோள் தோல் உரிந்திருந்தது அவருக்கு. தள்ளி நின்றார்.

நாங்கள் இரண்டு பேரும் டின்னை நிறுத்தி, துணி கட்டி, குழாய் செருகினோம். தண்ணீர்? பள்ளத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று திரும்பினால், படல் வாசலில் ஒரு நிறைகுடம் இருந்தது. ஆள் இல்லை. எடுத்து ஊற்றிவிட்டு வெறுங்குடத்தை அங்கேயே வைத்தேன். திரும்ப நிறைந்து வந்தது. பொழுது சாய்கிறவரை அப்படியே. கையோடு கை படவில்லை. கடைசிக் குடத்தோடு மட்டும் நின்றார்.

"கொதிக்க வச்சதாடி அது?"

"எல்லாமே."

குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. எழுபத்திரண்டு நாற்று பட்டுப்போச்சு. அவர் எறிந்ததற்குப் பாதி, நான் வாயை மூடிக்கொண்டதற்குப் பாதி. மிச்சம் நிற்கிறது.

மே 7

தேதி தவறவில்லை. கொல்லையில் டின்னுக்குப் புதுக் குழாய் செருகி நானே நிரப்பினேன், பட்டப்பகலில். பக்கத்து வீட்டு ஆயம்மாள் மதில் மேலாகப் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஜூன் 26

மூன்று நாளாக மலையில் மழை. ஐந்நூற்றுச் சொச்சம் நாற்றும் காட்டில் நட்டாச்சு. மேக்காலத் தோட்டக்காரருக்குக் காடு இல்லை என்று இவர் சொல்லிவிட்டாராம். காசிராஜன் சொன்னார்.

சந்தோஷமாக இருக்கலாம் என்று பார்த்தால், டீக்கடையில் என்ன பேசியிருக்கிறார் தெரியுமா? கருப்பு காப்பாத்துச்சாம்! வேண்டிக்கொண்டாராம், அதனால் நாற்று பிழைத்ததாம், அடுத்த ஞாயிறு கெடா வெட்டாம். கருப்பு வந்து பள்ளத்துல எறங்கிக் குழாய் பொறுக்குச்சா? கருப்பு காலுல முள்ளு குத்துச்சா? அன்னக்கொடி பேரையாவது சொன்னாரா?

ஜக்கையன், ஜக்கையன், ஜக்கையன்! பேனா முள் வளைந்துவிட்டது.

ஜூலை 3, ஞாயிறு

இந்தத் தடவைதான் தேதி ஒரு நாள் தள்ளிப்போச்சு. நேற்றுத்தான் ஆனது. காலையில் இவரிடம் சொன்னேன். நீங்கள் போங்கள், நான் வரமுடியாது, உங்கள் கருப்புக்கு ஆகாது என்று குத்தலாகத்தான் சொன்னேன். வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே போனார். போய்விட்டார் என்று நினைத்தேன். ஜீப் வாசலிலேயே நின்றது. ஆரன் அடித்தது. திரும்ப அடித்தது.

"வெரசா வாடி, கறி வெந்துரும்."

முன் சீட்டில் இடம் விட்டிருந்தார்.

காட்டில் ஐம்பது பேருக்கு மேல். அன்னக்கொடியும் பந்தியில் உட்கார்ந்திருந்தாள். கறி வாளியை என் கையில் கொடுத்தது யார் என்று ஞாபகமில்லை. ஒவ்வொரு இலையாகப் போட்டுக்கொண்டு வந்தேன். இவர் இலைக்கு முன்னால் வந்ததும் கை நின்றுவிட்டது. இவருக்குத் தெரியும். இந்தக் கூட்டத்தில் இவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

இலையை என் பக்கம் நகர்த்தினார். "இன்னும் ரெண்டு துண்டு போடு, பொன்னுமணி" என்றார்.