இறால் கம்பெனி மூடிய பிறகு

நியூஜெர்சி
20 ஜூலை 2025

அன்புத் தம்பி ஜெரிக்கு,

எல்லோரும் சுகமா? போனில் பேச ஆரம்பித்தால் சண்டையில் முடிகிறது, அதனால் மெயில் எழுதுகிறேன். அடுத்த மாதம் எனக்கு அமெரிக்கக் குடியுரிமை. கையை உயர்த்திச் சத்தியம் செய்ய வேண்டுமாம். அப்பா இருந்திருந்தால் ராயபுரம் முழுக்கச் சொல்லியிருப்பார். அந்தக் காலத்தில் ஹார்பரில் அமெரிக்கக் கோதுமை மூட்டை இறக்கியவர் அல்லவா? "நாம பட்டினி கெடக்கசொல்லோ கோதுமை அனுப்புனவன்டா" என்பாரே! உன் மனைவி ஃப்ளோரன்ஸையும் குட்டி கரோலினையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா
ஆலிஸ்

ராயபுரம்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கொடியோடு நீ நிற்கும் படம் வந்தது. வாழ்த்துகள்.

ஃப்ளோரன்ஸ் வேலை பார்த்த இறால் கம்பெனியை மூடிவிட்டார்கள். சரக்கெல்லாம் உன் ஊருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஐம்பது சதவீதம் வரி என்றதும் ஆர்டர் நின்றுவிட்டது. கேட்டைப் பூட்டிய அன்று, கூட இறால் உரித்த சிவந்தி எல்லோர் எதிரிலும் கேட்டாளாம்: "இன்னாடி, உன் நாத்தனா நாடு நம்ம வயித்துல அடிச்சிக்கினு கீது, நீ ஒண்ணும் கேக்க மாட்டியா?" இவள் தலையைக் குனிந்துகொண்டு வந்திருக்கிறாள்.

ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாம். இறால் உரிக்கிறவளா அக்கா எண்ணெய் வாங்கினாள்? இப்போது டீக்கடையில் அமெரிக்கா என்றாலே காறித் துப்புகிறார்கள். முன்பெல்லாம் நான் சண்டைக்குப் போவேன். இப்போது டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

உன் தம்பி
ஜெரி

நியூஜெர்சி
21 செப்டம்பர் 2025

அன்புத் தம்பி,

படித்ததும் மனசு சங்கடப்பட்டது. ஆனால் நீ ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறாய். போரை நிறுத்த ஒரு பெரிய நாடு ஏதாவது செய்துதானே ஆக வேண்டும்? எண்ணெய் வாங்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னார்கள், உங்கள் நாடுதான் கேட்கவில்லை. இங்கே மக்கள் தங்கமானவர்கள். ஃப்ளோரன்ஸ் கெட்டிக்காரி, அவளுக்கு வேறு வேலை கிடைத்துவிடும். அதுவரை நான் பணம் அனுப்புகிறேன். டிசம்பரில் வருகிறேன், உட்கார்ந்து பேசலாம்.

அக்கா

ராயபுரம்
12 அக்டோபர் 2025

ஆலிஸ் அக்காவுக்கு,

உன் மெயிலை ஃப்ளோரன்ஸுக்குப் படித்துக் காட்டினேன். 'உங்கள் நாடு' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "இன்னொரு தபா படி" என்றாள். படித்தேன். "செரி, போதும்" என்று எழுந்துபோய்விட்டாள்.

நேற்று அவள் மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள். வர இரண்டு வருஷம் ஆகும். ஏர்போர்ட்டில் கரோலின் அவள் முந்தானையை விடவே இல்லை, நான்தான் விரலைப் பிரித்தேன். நீ சொன்னபடியே வேறு வேலை கிடைத்துவிட்டது.

அங்கே மக்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். எங்களுக்கு அவர்களைத் தெரியாது. எங்கள் தெருவுக்கு அந்த நாட்டிலிருந்து வந்தது அந்த வரியும், அதற்கு வக்காலத்து வாங்கிய உன் மெயிலும்தான்.

பணம் அனுப்பாதே. டிசம்பரில் வந்தால் பாரிமுனையில் ரூம் எடுத்துக்கொள். கரோலினைப் பார்க்க வேண்டுமானால் பள்ளிக்கூட வாசலில் பார். வீட்டுக்கு மட்டும் வராதே, குழந்தை அம்மாதான் வந்துவிட்டாள் என்று கதவுச் சத்தத்துக்கெல்லாம் ஓடுகிறாள்.

ஜெரி