பால்மாவு டின்னில் பவுடர் வேண்டாம்

பாக்கியம்,

ரப்பர் பால் மரம் சீவக் கிளம்பிட்டேன். ராத்திரி எனக்கும் தூக்கமில்லை. நீ அழுது இப்பத்தான் அசந்து தூங்குறே, எழுப்ப மனசு வரல. அடுப்புல கஞ்சி இருக்கு. ஊறுகாயைக் கிண்ணத்துக்கு மாத்திட்டு, கண்ணாடிப் போத்தலைக் கழுவி உன் முகப் பவுடரைப் போட்டிருக்கேன். இனிமே பால்மாவு டின்னு வேணாம் லா. நேத்து கல்யாணத்துக்குக் கிளம்புறப்ப, காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுக்காரங்களுக்குக் கடத்துற மாவுன்னு நினைச்சுத்தானே தோட்டத்து கேட்டுல சோதனை பண்றவன் அதைத் தரையில கொட்டினான். கண்ணாடின்னா உள்ளே இருக்கிறது தெரியும். கண்மை, குங்குமத்துக்கும் சின்னப் போத்தல் வச்சிருக்கேன்.

கட்டினவன் வாயைத் திறக்கலியேன்னு கேட்டே. போன மாசம் அங்க வாயைத் திறந்த ரங்கசாமி அண்ணன் இன்னும் வீடு திரும்பல.

முனியாண்டி

ஊறுகாய் வாசம் கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்க.

மண்ணும் இருக்கும். நீ வீட்டுக்கு ஓடினதும், அவன் பார்க்கப் பார்க்க நான் குனிஞ்சு அள்ளின பவுடர் அது.