ஆர். யாழினி

ஜூலை 8, புதன்
காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி பாசாங்கு செய்துவிட்டுப் போய்விட்டது.
ஆபீஸ்: பெற்றோருக்குப் பள்ளி பஸ் மெசேஜ் அனுப்பும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டில் மாகறல் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புது ஸ்டாப் போட்டாயிற்று. கோவில் வாசல் இல்லை, இனி மெயின் ரோடு.
வாங்க: துவரம் பருப்பு, அவருக்கு பி.பி. மாத்திரை.
சாயந்திரம் தம்பி முருகன் வந்தான். காபி ஆறும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல, "ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குப் பேரு வெக்கறோம்கா. யாழினின்னு வெக்கலாமான்னு... நீ வேணான்னா வேற பாத்துக்கலாம்."
என் மகளின் பெயர். போய் இரண்டு வருடம். ஏழு வயது, மூன்று நாள் காய்ச்சல்.
"யோசிச்சி சொல்றேன்பா" என்றேன். காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டியது அத்தை. அத்தை நான் ஒருத்திதான்.

ஜூலை 9, வியாழன்
வெயில். முகூர்த்த நாள். ஆபீசுக்குக் கீழே பட்டுக்கடை, மாடிப்படி முழுக்கச் செருப்பு.
உட்காரும் முன்பே போன். ஒரு அம்மா: "ஸ்டாப்ப மாத்திட்டோம்னு சொன்னீங்க, மெசேஜ்ல பழைய எடமே வருதும்மா. எங்கதான் நிக்கறது?" மதியத்துக்குள் இப்படி ஏழெட்டுப் பேர்.
தேடித் தேடிக் கண் வலி. பக்கத்து சீட் ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். "செல்ஃப் எங்கப்பா? இன்ஷியல் போடாம வெறும் பேர எழுதிக்கினு இருக்க."
என் தப்புதான். மெதட் என்பது புரோகிராமில் ஒரு வேலைக்கான சின்னப் பகுதி; அதற்குள் வெறுமனே 'ஸ்டாப்' என்று எழுதினால் அது வேறொரு ஸ்டாப். மெதட் முடிந்ததும் போய்விடும். பஸ்ஸுக்குச் சொந்தமான ஸ்டாப் வெளியே பழையபடியே இருக்கும். அதைத் தொட வேண்டுமென்றால் முன்னால் 'செல்ஃப்', ஒரு புள்ளி. இருவருக்கும் ஒரே பெயர், ஒருவரை ஒருவர் தெரியாது.
சரிசெய்து, மன்னிப்பு மெசேஜ் அனுப்பி, டீ.
வீடு திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். ஞாயிறுக்குப் பிறகு தம்பி வீட்டில் யாழினி என்றால் அந்தக் குழந்தைதான் திரும்பும். என்னுடையவளை யாரும் அழிக்கவில்லை. வெளியே எங்கோ அப்படியே இருக்கிறாள். ஆனால் அந்த வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டால் அவள்வரை போகாது.

ஜூலை 10, வெள்ளி
காமாட்சி அம்மன் கோவில் பக்கம் கூட்டம், கால் மணி நேரம் பஸ் நகரவில்லை. மாத்திரை மறுபடி மறந்தேன்.
பீரோவில் அவள் நோட்டு. லேபிளில் ஆர். யாழினி, இரண்டாம் வகுப்பு. அதே வகுப்பில் கே. யாழினி என்று இன்னொருத்தி. மிஸ் கூப்பிட்டால் குழப்பமாக இருக்காதா என்று கேட்டிருக்கிறேன். "இல்லமா. எனக்கு முன்னாடி அப்பா நிக்கறாரு இல்ல?" என்றாள். ஆர் என்பது ரவி, அவள் அப்பா.
அவரிடம் தம்பி கேட்டதைச் சொன்னேன். பேப்பரிலிருந்து தலை நிமிராமல், "வெக்கட்டும். இந்த வூட்ல அந்தப் பேர யாரும் கூப்டறதில்ல. அந்த வூட்லயாவது கூப்டட்டும்."
கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். தம்பிக்குப் போன் செய்து, அந்தப் பெயரையே வைத்துக்கொள் என்றேன். அவன் அழுதான். நான் போனை வைத்துவிட்டுப் பருப்பு தாளித்தேன்.

ஜூலை 12, ஞாயிறு
லேசான தூறல். தம்பி வீடு. கேசரி, வடை, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம். ஒருத்தி என் காதுபடவே, "பாவம், அவளப் போயி சொல்லச் சொல்றாங்களே."
தம்பி மனைவி சுகன்யா குழந்தையை என் மடியில் வைத்தாள். "சொல்லுங்க அண்ணி."
குனிந்தேன். முதல் முறை வாயில் வந்தது, ஆர். யாழினி.
யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த இரண்டு முறையும் வெறும் யாழினி. குழந்தை கண் திறந்தது. "பேரு புட்ச்சிப்போச்சி பாரு அவளுக்கு" என்று சுகன்யா சிரித்தாள்.
முதலில் சொன்னது என் மகளுக்குப் போய்விட்டது. இந்தக் குழந்தைக்கு ஒன்று குறைகிறது. கிளம்பும்போது, கொஞ்சுகிற சாக்கில் அதன் காதில் இன்னொரு முறை சொல்லிவிட்டு வந்தேன்.