ஓர் அடிக்கு ஓர் அங்குலம்: ஜமாலின் குட்டி யானை

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் போட்ட வேட்டி காயவில்லை. தண்ணீர் கேன் இன்னும் ஒன்று மீதி.

வேலையைத் தொடங்கும் முன் வரிசையாக எழுதிக்கொள்கிறேன். இல்லாவிட்டால் பயம் வந்து விட்டுவிடுவேன்.

1. செய்வது: மரத்தில் ஒரு பொம்மை வண்டி. ஏதோ ஒரு லாரி அல்ல. தண்ணீர் கேன் கொண்டுவரும் ஜமாலின் குட்டி யானையேதான். அளவு: ஓர் அடிக்கு ஓர் அங்குலம்.
2. யாருக்கு: ஜமாலின் மகள் ரிஸ்வானாவுக்கு. வயது ஐந்து. தினமும் அந்த லோடு வண்டியில்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.
3. ஏன்: ஆடி மாதம் ஜமால் செய்ததற்காக. இதைக் கொடுத்துவிட்டால் அந்த நன்றிக்கடன் தீரும்.
4. எதற்குள்: 16, ஞாயிறு. அன்று மாலை ஜமால் கத்தாருக்குப் புறப்படுகிறார். அதற்குள் வண்டியையும் விற்றுவிடுவார்.
5. எப்படி: முடிகிறவரை ரகசியமாக.
6. முடியுமா: தெரியவில்லை.

ஆறாவதை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.

ஆடி மாதத்தை எங்கும் எழுதி வைக்கவில்லை. என் மனைவி சாரதாவுக்குக் காலையில் திடீரென்று மூச்சுத் திணறல். போன் கையில்தான் இருந்தது. யாரைக் கூப்பிடுவதென்று தெரியவில்லை எனக்கு. கூடத்தில் நின்றுகொண்டே இருந்தேன். கேன் போட வந்த ஜமால் பார்த்தார். வண்டியிலிருந்த கேன்களையெல்லாம் தெருவில் இறக்கி வைத்தார். எங்கள் மெத்தையை எடுத்துப் பின்னால் போட்டார். அதில் சாரதா, பக்கத்தில் நான். “சார், அம்மா கையப் புடிச்சுக்குங்க, அது ஒண்ணு போதும்.” பெரியாஸ்பத்திரி வாசல்வரை என் வேலை அது ஒன்றுதான்.

அடுத்த முறை அவர் வந்தபோது நன்றி சொல்ல வாசலுக்குப் போனேன். வாயில் வந்தது: “இன்னிக்கு ரெண்டு கேன் போதும்.”

நவம்பர் 4, செவ்வாய்

கேன் வரும் நாள். மழை விட்டிருந்தது.

ஜமால் சமையலறைக்குள் போனதும் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். நீளம், அகலம், சக்கரம் எடுத்தாயிற்று. பின்பக்கம் எடுத்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் குரல்.

“என்ன சார், வண்டிய அளக்குறீங்க?”

“சும்மா.”

“சும்மாவா? திருவிடைமருதூர்ல அம்மாவோட தம்பி பையன் வாழைக்காய் மண்டி வச்சிருக்காருல்ல. அவருக்கா?”

சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய.

“நம்பி எடுக்கலாம் சார். புள்ள மாதிரி வச்சிருக்கேன். பின் டோர்ல மட்டும் ஒரு நெளிவு. அதுவும் நான் இடிச்சதில்ல, மாடு முட்டுனது.”

நெளிவு: இடப்பக்கத்திலிருந்து இரண்டு அடி மூன்று அங்குலம். குறித்துக்கொண்டேன்.

நவம்பர் 6, வியாழன்

மரம்: பரணிலிருந்த பழைய ஜன்னல் கதவு, தேக்கு. பொதுப்பணித்துறையில் முப்பத்தொரு வருடம் வரைவாளர். எத்தனையோ மதகுகளுக்குப் படம் போட்டிருக்கிறேன். ஒரு பலகையை நேராக அறுக்கத் தெரியவில்லை. ரம்பம் என் கோட்டை மதிப்பதில்லை.

முன்பகுதியைக் குடையப் பார்த்தேன். கட்டை பிளந்துவிட்டது. இரண்டாவது கட்டையைக் குடையாமல் அப்படியே வைத்துக்கொண்டேன். வெளியே பார்க்க ஒன்றுதான்.

சக்கரத்துக்கு ஒன்றே முக்கால் அங்குலம் தடிமனில் உருண்டைக் கட்டை வேண்டும். வீடு முழுக்க ஸ்கேலோடு தேடியதில் சரியாக ஒன்று அகப்பட்டது.

மாலையில் சாரதா: “என்னங்க, என் சப்பாத்திக் கட்டை எங்க?”

மேசைமேல் நான்கு வில்லைகளாக இருந்தது. சொல்ல வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும்.

“கேட்டா குடுத்திருக்க மாட்டேனா? எதுக்கு இந்தத் திருட்டு முழி?” வில்லை ஒன்றை எடுத்து மேசையில் உருட்டிப் பார்த்தாள். “இது கொஞ்சம் கோணலா ஓடுது. உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. எனக்குத் தோசையே போதும்.”

மூச்சு வாங்காமல் இவ்வளவு பேசுகிறாள்.

நவம்பர் 9, ஞாயிறு

அச்சுக்குக் குடைக்கம்பி, என் குடையிலிருந்து. பக்கத்துக்கு இரண்டு சக்கரம். கூடத்தில் தள்ளினேன். அலமாரிவரை ஓடியது. திரும்பவும் தள்ளினேன். யாரும் பார்க்கவில்லை.

பின்கதவின் நெளிவை உளியின் மழுங்கிய முனையால் தட்டி எடுத்தேன். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் நன்றாக வந்திருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

பெயிண்ட் வாங்கக் கீழவாசல் போய்வந்தேன். வெள்ளை ஒரு டப்பா, கறுப்பு ஒரு டப்பா, பிரஷ் இரண்டு. திரும்பி வந்தால் சாரதா வாசலிலேயே நிற்கிறாள்.

“நீங்க குட்டி யானை வாங்கப் போறீங்களாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. கேன் போட வந்த ஜமால் அவளிடம் சொன்னாராம்: “சார் மொதல்ல பாத்துட்டாங்க, அதனால வண்டிய கேட்ட குத்தாலத்துக்காரர நிறுத்தி வச்சிருக்கேம்மா. ஞாயித்துக்கெழம ஃப்ளைட்டு. சார் எப்ப முடிவு சொல்லுவாங்க?”

உட்கார்ந்துவிட்டேன். மனிதர் ஊரைவிட்டுப் போக ஐந்து நாள். கையில் வந்த ஒரே ஆளை என் இளிப்பை நம்பி நிறுத்தி வைத்திருக்கிறார்.

“நீ சொல்லியிருக்கலாமே.”

“நீங்க பண்ணின குழப்பம். நீங்கதான் சொல்லணும்.”

போனில் பேச வேண்டியதை நான்கு வரி எழுதிக்கொண்டேன். இரண்டு ரிங் போனதும் கட் செய்துவிட்டேன். சாரதாவிடம் லைன் கிடைக்கவில்லை என்றேன். பொய்.

நவம்பர் 12, புதன்

கனத்த மழை. சம்பா பயிருக்கு நல்லது என்கிறார்கள்.

கா. 9: ஜமால் வீட்டுத் தெருமுனை டீக்கடைவரை போனேன். டீ குடித்தேன். திரும்பிவிட்டேன்.

கா. 11: மறுபடியும். இந்த முறை பெயிண்ட் அடிக்காத வண்டியை ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டு எடுத்துப் போனேன். இரண்டு கம்பி குறைந்த குடை. ஒரு பக்கம் முழுக்க நனைந்தேன். குழந்தை பள்ளியில் இருக்கும் நேரம்.

“வாங்க சார், வாங்க! இந்த மழையிலயா? ஒரு போன் போட்டா நான் வந்திருக்க மாட்டேனா?”

உட்காரவில்லை. நின்றுகொண்டே ஒரே மூச்சில் சொன்னேன். நான் வண்டி வாங்கவில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அளந்தது இதற்காக. இது ரிஸ்வானாவுக்கு.

ஜமால் வண்டியைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் பின்கதவில் நின்றது.

“மாடு முட்டுனதுகூட இருக்கு.”

பிறகு போனை எடுத்துக் குத்தாலத்துக்காரரைக் கூப்பிட்டார். அந்த ஆள் கத்தியது எனக்கே கேட்டது. “நீ வேணாம்னதும் நான் மாயவரத்துல ஒண்ணு பாத்துட்டேன்யா! வெளையாடுறியா?” ஜமால் தணிந்து தணிந்து பேசினார். என் பெயரை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. “தப்பு எம்மேலதாண்ணே” என்றார்.

கடைசியில் வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார் அவர். பார்க்கிறேன் என்றுதான். எடுக்கிறேன் என்றில்லை.

மன்னிப்புக் கேட்டேன். “அட விடுங்க சார். மொதல்ல தலையத் தொவட்டுங்க.” துண்டு கொடுத்தார். ஆடி மாதத்தைப் பற்றி ஆரம்பிக்க நினைத்தேன். வார்த்தை கிடைப்பதற்குள் டீ வந்துவிட்டது.

நவம்பர் 14, வெள்ளி

பெயிண்ட் காயவில்லை. சாரதா அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு வண்டியை வைத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பி வைக்கிறாள்.

மதியம்வரை போன் இல்லை. மாலை 4 மணிக்கு ஜமால்: “எடுத்துட்டாரு சார். இப்பதான் ஓட்டிட்டுப் போறாரு.” பின்னால் குழந்தை அழும் சத்தம். “வேற ஒண்ணுமில்ல, வண்டி போவுதுல்ல.”

அப்பாடா என்றிருந்தது. அழுகையைக் கேட்டபிறகு அப்படிச் சொல்லிக்கொள்ளவும் கூச்சம்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். பத்து நாளுக்குப் பிறகு.

கா. 10: சாரதாவும் நானும் ஆட்டோவில். ஜமால் வீட்டுக் கூடத்தில் பெட்டிகள், கயிறு, உறவுக்காரர்கள். ரிஸ்வானா வண்டியைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அத்தா! நம்ம வண்டி!”

தள்ளினாள். ஓடியது. சுவரில் மோதித் திரும்பியது. எனக்குப் போதும் என்றிருந்தது. பிறகு நகத்தால் முன்கதவை நெம்பினாள்.

“தாத்தா, தொறக்க மாட்டேங்குது.”

“அது தொறக்காதும்மா.”

“அப்ப நான் எங்க உக்காருவேன்? அத்தா எங்க உக்காருவாங்க?”

வெளியளவு அத்தனையும் எடுத்தேன். நெளிவை எடுத்தேன். உள்ளே ஆள் உட்காருவார்கள் என்பது தோன்றவேயில்லை. ஒரே கட்டை. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பெயிண்ட். குழந்தையின் உதடு பிதுங்க ஆரம்பித்தது. சாரதா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ஜமால் வந்து குந்தினார்.

“எதுக்குத் தொறக்கணும்? ரெண்டு பேரும் உள்ளதானே இருக்கோம்.”

“காணுமே?”

“மழன்னு கண்ணாடிய ஏத்தி வச்சிருக்கேன். அதான் தெரியல.”

குழந்தை கறுப்புப் பெயிண்டில் கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தாள். நிறைய நேரம்.

“அத்தா, ஓட்டுறீங்களா?”

“ஆமா. நீ பக்கத்துல இருக்க. தொணதொணக்காம வா, ஸ்கூலுக்கு லேட்டாச்சு.”

வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே போய்விட்டாள். ஜமால் எழுந்திருக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஆடி மாசம் நீங்க...” என்றேன். அதற்குமேல் வரவில்லை.

“அம்மா நல்லாருக்காங்கல்ல சார். பாத்துக்குங்க.”

மா. 6: இந்நேரம் திருச்சி ஏர்போர்ட் போய்ச் சேர்ந்திருப்பார். தொடக்கத்தில் எழுதியதை இப்போது மறுபடி படித்தேன். மூன்றாவது குறிப்பு தவறு. நன்றிக்கடன் தீரவில்லை. இன்று காலை நான் வாயடைத்து நின்றபோதும் அவர்தான் வந்தார்.