குறுக்கே விழ ஒரு ஆள்

துபாய்
12.3.2006

அன்புள்ள நாகவள்ளி அக்காவுக்கு,

தம்பி பாலகுரு எழுதுவது. எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்குத் தகுதியில்லை. அத்தானுக்கு மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் கொடு. நான் போன் செய்தால் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் லீவில் வரும் கார்மேகம் அண்ணன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

உன் மகன் பாஸ்கரின் சவப்பெட்டியோடு நான் வந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது. லீவு மாஃபி, கிடையாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் மேனேஜர்.

அவனை அந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் சேர்த்துவிட்டது யார் என்று அத்தான் கேட்டாராம். நான்தான். அந்த அரங்கத்தில் ஐஸ் தரையை வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டுகிறேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே பயிற்சிக்கு வரும் கல்லூரி ஹாக்கி டீமின் கோச் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, கோல் போட வெளிநாட்டுப் பையன்கள் இருக்கிறார்கள், குறுக்கே விழத்தான் ஆள் இல்லை, இங்கேயே இருக்கிற பையன் யாராவது இருந்தால் சொல் என்றார். ஒரு நிமிஷம் உள்ளே போய், எதிராளி அடிக்கிற ரப்பர் வட்டை உடம்பால் தடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்குக் கூலியாகக் கல்லூரியில் இடமும் படிக்கிற விசாவும்.

விசிட் விசாவில் வேலை தேடி வந்து என் ரூமில் படுத்திருந்தவன் பாஸ்கர். கோவில்பட்டியில் ஹாக்கி மட்டையோடு வளர்ந்த பிள்ளை. நான் அவன் பெயரைச் சொன்னேன். அரங்கம் திறக்கும் முன்னால், காலையில் எட்டு மாதம் நானே சறுக்கப் பழக்கினேன். தடுப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று கோச் முதுகில் தட்டும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. முதுகிலும் தொடையிலும் கன்றிப்போன அடிகளை அவன் குளித்துவிட்டு வரும்போது பார்ப்பேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவன்தான் கேட்டுக்கொண்டான்.

அன்றைக்கு மேட்சுக்கு முன்னால் என்னிடம் வந்து, “மாமா, நெஞ்சுக் கவசம் பட்டை அந்துபோச்சு, கீழ இறங்குது. இன்னைக்கு வேண்டாம்னு கோச்சுட்ட சொல்லுதீயளா?” என்றான். நான் சொல்லவில்லை. “இந்த ஒரு மேட்ச் மட்டும் பல்லைக் கடிச்சுக்கோ மருமவனே” என்று கறுப்பு டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டேன்.

இரண்டாம் பகுதியில் வட்டு நெஞ்சில் பட்டது. கோல் விழாமல் போனதற்காக எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், அக்கா. அப்புறம்தான் அவன் எழுந்திருக்கவில்லை என்று தெரிந்தது.

செய்தி சொன்ன அன்று நீ போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “உசுரு போறப்ப நீ பக்கத்துல இருந்தியாடா?” இருந்தேன், கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

நான் இல்லை அக்கா. ஸ்டிரெச்சர் பின்னால் ஓடினேன். மேனேஜர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மேட்ச் பாதியில் நிற்கிறது, ஐஸைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போ, பையனை டாக்டர் பார்த்துக்கொள்வார், “ஜல்தி பாலா” என்று அவசரப்படுத்தினார். வேலை போய்விடுமோ என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடிதான். வண்டியில் ஏறினேன். அவன் விழுந்து கிடந்த இடத்தின் மேலேயே ஓட்டினேன்.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். அடிபட்ட நொடியிலேயே இதயம் நின்றிருக்கும் என்றார் டாக்டர். ஐஸ் ஷூ காலிலேயே இருந்தது. கயிறு இறுகிப் போயிருந்தது. அதை நான் அவிழ்த்துக் கழற்றினேன். என் கையால் அவனுக்குச் செய்தது அது ஒன்றுதான்.

ஆறாம் நாள் கோச் அவன் பனியனை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். கண் கலங்கித்தான் இருந்தார். போகும்போது, வேறு லோக்கல் பையன் யாரையாவது தெரியுமா என்று கேட்டார்.

கராமாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை கௌஸ் முகைதீன் பாயின் மகன் சாகிர் நன்றாகச் சறுக்குவான். கோச் அவனை நேராகவே கூப்பிட்டுவிட்டார் என்று நேற்றுக் கேள்விப்பட்டேன். இன்று காலை கடைக்குப் போய், நடந்ததை ஒன்று விடாமல் பாயிடம் சொன்னேன். உன்னிடம் மறைத்ததையும் சொன்னேன். அவர் ஷட்டரை இறக்கிவிட்டு மகனைக் கூட்டிவரப் போனார். யாரோ ஒருவரிடம் சொன்னதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரூமுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

வேலையை விட்டுவிட்டேன். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் ஊருக்கு வருவேன். வீட்டுக்குள் விடு என்று கேட்கவில்லை. அத்தான் அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். நான் வந்து நின்றால் கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் மட்டும் இருந்துவிடாதே அக்கா. திட்டுவதற்காவது வெளியே வா.

இனியும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம் என்றால், உன் தம்பி,
பாலகுரு